டிவிடி டிரைவ் கணினிக்குத் தெரியவில்லையா? படிப்படியாகக் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

‘திஸ் பிசி’யைத் திறந்தால் சி, டி டிரைவுகள் இருக்கின்றன, டிவிடி டிரைவை மட்டும் காணோம். பெங்களூரில் இந்தத் தொல்லையோடு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அவசரம் இருக்கும். ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ ஸ்கேனை சிடியில் கொடுத்திருப்பார்கள், அதை ஊரில் இருக்கும் டாக்டருக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் பதினைந்து இருபது வருடத்துக்கு முந்தைய கல்யாண வீடியோவைப் பென்டிரைவுக்கு மாற்ற வேண்டும்.

அந்த அவசரத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. சிலர் நேராகக் கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய்ப் புது டிரைவ் வாங்கி வருகிறார்கள், அதுவும் தெரிவதில்லை. சிலர் யாரோ சொன்னார்கள் என்று விண்டோஸையே ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். டிரைவும் வருவதில்லை, கணக்குக் கோப்புகளும் போய்விடுகின்றன. இரண்டு பேருமே கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுதான்: டிரைவ் பயாஸுக்கு, அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் நிரலுக்கு, தெரிகிறதா? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி இடங்களைத் தேடவே வேண்டாம். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் தயாராக வைக்க வேண்டியவை

நன்றாக ஓடும் என்று தெரிந்த டிஸ்க் இரண்டு வேண்டும்: ஒரு சிடி, ஒரு டிவிடி. இரண்டும் கடையில் வாங்கிய, கீறல் இல்லாத டிஸ்க்காக இருந்தால் நல்லது. வீட்டில் எழுதிய பழைய டிஸ்க்கை வைத்துச் சோதித்தால், பழுது டிரைவிலா டிஸ்க்கிலா என்று சொல்ல முடியாது.

டெஸ்க்டாப் என்றால் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், டார்ச், டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் கூடுதலாக ஒன்று. லேப்டாப் என்றால் சின்ன முனையுள்ள ஸ்டார் ஸ்க்ரூடிரைவர். எதையும் கழற்றும் முன் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில் இருந்தது என்பது கழற்றிய பிறகு யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

இன்னொன்றைப் புதியவர்கள் பெரும்பாலும் மறக்கிறார்கள்: ஹார்டு டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். விண்டோஸ் 10, 11 உள்ள பல கணினிகளில், உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் ஏதாவது மாற்றினால் அடுத்த முறை திறக்கும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று முன்பே பார்த்து, காகிதத்தில் எழுதி வையுங்கள். சின்ன டிரைவைத் தேடப் போய் முழுக் கணினிக்கும் வெளியே நிற்கக் கூடாது.

கம்பெனி கொடுத்த லேப்டாப் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஐடி பிரிவு சிடி, டிவிடியைப் பாலிசி மூலம் தடுத்து வைக்க முடியும். அதை நீங்கள் சரிசெய்யவும் முடியாது, முயலவும் கூடாது. அவர்களிடம் ஒரு டிக்கெட் போடுங்கள்.

2. காணாமல் போனது டிரைவா, டிஸ்க்கா?

“டிரைவ் வரலைண்ணா” என்று வருகிறவர்களில் பலருக்கு டிரைவ் வந்துகொண்டுதான் இருக்கும். போட்ட டிஸ்க்தான் படிக்கப்படாமல் இருக்கும். இந்த இரண்டும் வேறு வேறு பழுது.

‘திஸ் பிசி’யில் டிவிடி டிரைவின் படம் இருக்கிறது, டிஸ்க் போட்டால் “டிஸ்க்கைச் செருகவும்” என்று கேட்கிறது என்றால், டிரைவைக் கணினி கண்டுகொண்டுவிட்டது. கேபிள், பயாஸ், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) எதையும் தொட வேண்டாம். பழுது லேசரிலோ டிஸ்க்கிலோதான்.

அதை உறுதி செய்யத்தான் இரண்டு டிஸ்க். சிடியைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர். டிரைவுக்குள் இவை தனித்தனி லேசர்கள். அதனால் ஒன்று தேய்ந்துபோய் மற்றது நன்றாக வேலை செய்ய முடியும். டிவிடி ஓடுகிறது, சிடி ஓடவில்லை என்றால் அது மென்பொருள் கோளாறாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. லென்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அழுத்தாமல் ஒருமுறை துடைத்துப் பார்க்கலாம். கட்டட வேலை ஓயாத நம் ஊர்த் தூசிக்குச் சில நேரம் அதுவே போதும். அதற்கும் மசியவில்லை என்றால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

இன்னொரு குழப்பம், போலி டிரைவ். ஐஎஸ்ஓ கோப்பை (ஒரு முழு டிஸ்க்கின் நகலான கோப்பை) திறந்தால் விண்டோஸ் தானாகவே ஒரு கற்பனை டிவிடி டிரைவை உருவாக்கும். டீமன் டூல்ஸ் போன்ற மென்பொருள்களும் அப்படித்தான். அதைப் பார்த்துவிட்டு “டிரைவ் இருக்கிறது, டிஸ்க்தான் வரவில்லை” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தப் படத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘எஜெக்ட்’ கொடுங்கள். உங்கள் டிரைவின் தட்டு வெளியே வந்தால் அது உண்மையான டிரைவ்.

3. முழுதாக நிறுத்தி, மறுபடி தொடங்குங்கள்

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்” என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணினி தன் உள்நிலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைகிறது. மறுபடி திறக்கும்போது அதே நிலைக்குத்தான் திரும்புகிறது. கோளாறும் அதோடு சேர்ந்தே திரும்பும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் விண்டோஸ் முதலிலிருந்து தொடங்கும். அதனால் முதலில் ரீஸ்டார்ட்.

அதற்கும் வரவில்லை என்றால் ஷட் டவுன் செய்து, சுவர் சுவிட்சையும் அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்சாரம் வடியும். கரண்ட் போய்ப் போய் வந்த பிறகு காணாமல் போன டிரைவுகளில் சில இதிலேயே திரும்பி வந்துவிடும். டிரைவுக்குள்ளும் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. அது சிக்கி நின்றிருந்தால் மின்சாரத்தை முழுதாக வெட்டினால்தான் புதிதாகத் தொடங்கும்.

4. பயாஸில் பாருங்கள்

இதுதான் எல்லாவற்றுக்கும் நடுநாயகமான படி. பயாஸ் என்பது விண்டோஸ் எழுவதற்கு முன்பே மதர்போர்டில் ஓடும் நிரல். அதற்கு விண்டோஸின் கோளாறு எதுவும் தெரியாது. அங்கே டிரைவ் தெரிந்தால் மின்சாரமும் கேபிளும் கிட்டத்தட்டச் சரி, பழுது விண்டோஸில். அங்கே தெரியவில்லை என்றால் விண்டோஸை எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் டிரைவ் வராது.

கணினி திறந்த உடனே டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். சில கம்பெனிகளின் கணினிகளுக்கு எஃப்10 அல்லது எஃப்1. விசையை அழுத்த நேரமே தராமல் விண்டோஸ் வந்துவிட்டால், ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரை வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று வரிசையாகப் போனால் பயாஸுக்குள் நுழைந்துவிடலாம்.

உள்ளே ஸ்டோரேஜ் அல்லது சாட்டா என்ற பக்கத்தைத் தேடுங்கள். ஒவ்வொரு போர்ட்டிலும் என்ன இருக்கிறது என்று பட்டியல் இருக்கும். அங்கே டிவிடி டிரைவின் மாடல் பெயர் வர வேண்டும். பூட் வரிசைப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பூட் செய்ய எதுவும் இல்லாத டிரைவைச் சில பயாஸ்கள் அதில் காட்டுவதில்லை. ‘ஃபாஸ்ட் பூட்’ என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்தாலும் சில சாதனங்களைப் பார்க்காமல் தாண்டிவிடும். அதை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

அப்படியே தேதியையும் கவனியுங்கள். சில வருடம் பின்னால் காட்டினால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படித் தீர்ந்தால் பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். நீங்கள் முன்பு மாற்றி வைத்தது எதுவும் மிஞ்சாது.

இங்கே செய்யக் கூடாத ஒன்று இருக்கிறது. சாட்டா மோடு என்ற இடத்தில் ஏஹெச்சிஐ, ஐடிஇ, ரெய்டு என்று இருக்கும். “மாற்றிப் பார்ப்போமே” என்று அதைத் தொடாதீர்கள். விண்டோஸ் நிறுவியபோது என்ன இருந்ததோ அதிலிருந்து மாறினால் நீலத் திரையோடு விண்டோஸ் எழாமல் நின்றுவிடும். ‘லோட் டிஃபால்ட்ஸ்’ கொடுப்பதும் சில நேரம் இதையே மாற்றிவிடும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயாஸில் தெரியவில்லை என்றால் 5, 6, 7. தெரிகிறது என்றால் 8-க்குத் தாவுங்கள்.

5. பயாஸில் இல்லை, டெஸ்க்டாப்: மின்சாரமும் கேபிளும்

சுவர் சுவிட்சை அணையுங்கள். வயரைப் பிடுங்குங்கள். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகடு பின்னால் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். அதைக் கழற்றியதும் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைக் கையால் தொட்டுவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் போர்டில் இறங்காமல் இருக்கத்தான் இது. மார்கழி, தை மாதத்து வறண்ட காற்றில் இங்கே அது அதிகம்.

டிரைவுக்குப் பின்னால் இரண்டு கேபிள் வரும். சின்னது, 7 முனை உள்ளது, டேட்டா. அது மதர்போர்டுக்குப் போகும். அகலமானது, 15 முனை உள்ளது, மின்சாரம். அது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து, அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியிலிருந்து வரும். இரண்டின் வாயும் ‘எல்’ வடிவில் இருக்கும், அதனால் தலைகீழாகப் போகாது. போகாததை அழுத்தித் திணித்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்துவிடும். அப்புறம் அந்த டிரைவைக் காப்பாற்றுவது கஷ்டம்.

முதலில் மின்சாரம். டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு மின்சாரக் கேபிளை மட்டும் விட்டு, கணினியைத் திறந்து தட்டுப் பட்டனை அழுத்துங்கள். தட்டு வெளியே வந்து, டிஸ்க் வைத்து மூடியதும் சுற்றும் சத்தம் கேட்டால் மின்சாரம் சரி. விளக்கு மட்டும் எரிந்தால் போதாது. டெஸ்க்டாப் டிரைவுக்கு 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் வேண்டும். 12 வோல்ட் மோட்டாருக்கு. அது வராமல் போனாலும் விளக்கு எரிந்து உங்களை ஏமாற்றும்.

டிரைவ் அசையவே இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் வேறொரு சாட்டா மின்முனையில் மாட்டிப் பாருங்கள். பழைய நான்கு முனை மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டர் இடையில் இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வார்த்த பிளாஸ்டிக்கில் வரும் மலிவான அடாப்டர்களில் உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக் கருகிப்போவது உண்டு. பழுப்பேறியோ இளகியோ தெரிந்தால் உடனே தூக்கிப் போடுங்கள்.

அடுத்தது டேட்டா கேபிள். கணினியை அணைத்துவிட்டு இரண்டு முனையையும் கழற்றி, நேராக, கடைசி வரை செருகுங்கள். கேபினெட்டைத் துடைக்கும்போதோ புது ரேம் போடும்போதோ கை பட்டு இது அரை மில்லிமீட்டர் நழுவியிருப்பதுதான் எல்லாவற்றையும் விட அதிகம் காணும் காரணம். அதற்குப் பிறகு மதர்போர்டில் வேறு போர்ட். அப்புறம் வேறு கேபிள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு பயாஸுக்குப் போய்ப் பாருங்கள். கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றி டிரைவ் வந்துவிட்டால், பழுதான கேபிளை நல்லதென்று நினைத்துப் பத்திரப்படுத்தி வைப்பீர்கள்; அது அடுத்த முறை ஹார்டு டிஸ்க்கில் வேலையைக் காட்டும்.

கையில் கூடுதல் கேபிள் இல்லையா? ஹார்டு டிஸ்க்கின் டேட்டா கேபிளைக் கொஞ்ச நேரம் கடன் வாங்கி டிவிடி டிரைவில் மாட்டுங்கள். விண்டோஸ் எழாது. ஆனால் நமக்குப் பயாஸ் மட்டும் போதுமே. அந்தக் கேபிளில் டிரைவ் தெரிந்தால் டிரைவ் நல்லது, பழைய கேபிளோ போர்ட்டோ கெட்டது. திரும்ப மாட்டிய பிறகு பூட் வரிசையை ஒருமுறை சரிபாருங்கள். ஹார்டு டிஸ்க் இல்லாமல் திறந்ததால் சில பயாஸ்கள் வரிசையை மாற்றி வைத்திருக்கும்.

சில போர்டுகளில் சாட்டா போர்ட்டுகள் இரண்டு குழுவாக, இரண்டு நிறத்தில் இருக்கும். ஒரு குழு முதன்மைச் சிப்செட்டில், மற்றது ஏஎஸ்மீடியா, மார்வெல் போன்ற துணைச் சில்லில். டிவிடி டிரைவை முதன்மைக் குழுவில் மாட்டுவதே நல்லது. துணைச் சில்லுக்குத் தனி டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) தேவைப்படலாம்.

நாற்பது முனை கொண்ட பட்டையான ஐடிஇ கேபிள் உள்ள பழைய கணினி என்றால் டிரைவின் பின்னால் முனைகளில் மாட்டியிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் மூடியான ஜம்பரைப் பாருங்கள். ஒரே கேபிளில் இரண்டு சாதனம் இருந்தால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ் என்று இருக்க வேண்டும். இரண்டும் மாஸ்டராகவோ இரண்டும் ஸ்லேவாகவோ இருந்தால் ஒன்றோ இரண்டுமோ தெரியாமல் போகும்.

6. புது எஸ்எஸ்டி போட்ட பிறகு காணாமல் போனதா?

கணினியை வேகமாக்க, மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி போட்டிருப்பார்கள், போட்ட அன்றே டிவிடி டிரைவ் போயிருக்கும். ஆனால் டிவிடியைத் தேவைப்படும்போதுதானே தேடுகிறோம்? அதனால் மாதக்கணக்கில் கழித்துத்தான் தெரியவரும். இரண்டையும் யாரும் சேர்த்து யோசிப்பதில்லை.

நடந்தது இதுதான். பல மதர்போர்டுகளில் எம்.2 துளையும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. எம்.2-வில் எஸ்எஸ்டி ஏறியதும் அந்தப் போர்ட்டுகளைப் போர்டே அணைத்துவிடும். கேபிள் நல்லது, டிரைவ் நல்லது, போர்ட் மட்டும் உயிரோடு இல்லை.

எந்தப் போர்ட் அணையும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். சில போர்டுகளில் எஸ்எஸ்டி சாட்டா வகையா, என்விஎம்இ வகையா என்பதைப் பொறுத்தும் மாறும். போர்டின் மாடல் எண் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். தயாரிப்பாளர் தளத்தில் கையேட்டை இறக்கி எம்.2 பற்றிய அட்டவணையைப் பாருங்கள். தேட நேரமில்லை என்றால் டேட்டா கேபிளை ஒவ்வொரு போர்ட்டாக மாற்றிப் பயாஸில் பார்த்தாலே போதும். “டிரைவ் செத்துப்போச்சு” என்று எடுத்து வைத்த டிரைவ் பக்கத்துப் போர்ட்டில் எழுந்து வருவதைப் பார்த்தால் புதியவர்களுக்கு நம்பவே முடியாது.

7. பயாஸில் இல்லை, லேப்டாப்

லேப்டாப்பில் கேபிள் கிடையாது. டிரைவ் ஒரு குழிக்குள் சறுக்கிப் போய், உள்ளே இருக்கும் முனையில் நேரடியாகக் குத்தி நிற்கும். பெரும்பாலும் அடியில் ஒரே ஒரு ஸ்க்ரூ அதைப் பிடித்திருக்கும். பக்கத்தில் டிஸ்க் படம் போட்டிருப்பார்கள்.

சர்வீஸ் போய் வந்த லேப்டாப்பில் அந்த ஸ்க்ரூ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல நேரம் இருக்காது. ஸ்க்ரூ இல்லாத டிரைவ், பையில் ஆட ஆட, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே நகர்ந்துவிடும். முகப்பைத் தடவினால் லேப்டாப்பின் ஓரத்தைவிட லேசாகத் துருத்திக்கொண்டிருக்கும். இரண்டு கட்டைவிரலால் நேராக உள்ளே தள்ளி, ஸ்க்ரூ போட்டு, பயாஸில் பாருங்கள். நிறையப் பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் சார்ஜரை எடுத்து, கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்து, ஸ்க்ரூவைக் கழற்றி டிரைவை வெளியே இழுங்கள். வராமல் அடம்பிடித்தால் முகப்பைப் பிடித்து இழுக்காதீர்கள். அது வெறும் பிளாஸ்டிக், கையோடு வந்துவிடும். முனையில் தூசி, வளைந்த பின், கறுப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். திரும்பச் செருகும்போது கடைசியில் ஒரு சின்ன அழுத்தம் தேவைப்படும். அதைக் கொடுக்காமல் விடுவதும் ஒரு பொதுவான தவறு.

இன்னொரு சாத்தியம்: எஸ்எஸ்டி போட்டவர் டிவிடி டிரைவை எடுத்துவிட்டு, ஹார்டு டிஸ்க்கை ‘கேடி’ என்ற, டிவிடி டிரைவ் அளவுச் சட்டத்தில் வைத்து அந்தக் குழியில் போட்டு மூடியிருப்பார். வெளியே முகப்பு மட்டும் டிவிடி போல இருக்கும். வீட்டில் பையன் செய்தது அப்பாவுக்குத் தெரியாது. அதையும் விசாரித்துவிடுங்கள்.

8. பயாஸில் இருக்கிறது, விண்டோஸில் இல்லை: டிவைஸ் மேனேஜர்

ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக், டிவைஸ் மேனேஜர். அங்கே ‘டிவிடி/சிடி-ராம் டிரைவ்ஸ்’ என்ற வரி இருக்கிறதா?

கீழ்நோக்கிய அம்பு இருந்தால் யாரோ முடக்கி வைத்திருக்கிறார்கள். வலது கிளிக் செய்து ‘எனேபிள்’ கொடுங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் இரட்டைக் கிளிக் செய்து, அதில் ‘கோட்’ (code) என்று காட்டும் பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 19, 31, 32, 39, 41 என்றால் அடுத்த பகுதியில் சொல்லும் ரெஜிஸ்ட்ரிக் கோளாறாக இருக்க நிறைய வாய்ப்பு.

எண் எதுவாக இருந்தாலும் முதலில் எளியதைச் செய்யுங்கள். டிரைவின் பெயரில் வலது கிளிக், ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’, பிறகு ரீஸ்டார்ட். விண்டோஸ் மறுபடி டிரைவைக் கண்டுபிடித்துத் தன் டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்ளும்.

டிவிடி டிரைவுக்கான டிரைவர் மென்பொருள் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. எதையும் இறக்க வேண்டியதில்லை. இணையத்தில் ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று கிடைப்பதை இதற்காகப் போடாதீர்கள். காசு கேட்கும், தேவையில்லாத நிரல்களையும் கூட்டி வரும்.

வரியே இல்லை என்றால் மேலே ‘வியூ’ பட்டியலில் ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ கொடுத்துப் பாருங்கள். பிறகு ‘ஆக்‌ஷன்’ பட்டியலில் ‘ஸ்கேன் ஃபார் ஹார்ட்வேர் சேஞ்சஸ்’.

9. ரெஜிஸ்ட்ரி: மிச்சம் விட்டுப்போன வடிகட்டிகள்

டிஸ்க் எழுதும் மென்பொருள்களும் ஐடியூன்ஸ் போன்றவையும் விண்டோஸுக்கும் டிரைவுக்கும் நடுவில் தங்கள் வடிகட்டி நிரலைச் செருகி வைக்கும். மென்பொருளை நீக்கும்போது நிரல் போய்விடும், ஆனால் அதைத் தேடச் சொல்லும் வரி ரெஜிஸ்ட்ரியில் நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் விண்டோஸ் அந்த இல்லாத நிரலைத் தேடித் தோற்று, டிரைவையே கைவிடும். ஏதாவது மென்பொருளை நீக்கியதற்கோ விண்டோஸைப் புதுப்பித்ததற்கோ பிறகு டிரைவ் காணாமல் போயிருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முதலில், ஏதாவது தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப, ஒரு சிஸ்டம் ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். பிறகு ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து இந்த வழியில் போங்கள்: ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ். அங்கே நெளிவு அடைப்புக்குள் நீளமான எண்களாக நிறைய வரும். ‘4டி36இ965’ என்று தொடங்குவதைக் கிளிக் செய்யுங்கள்.

சரியான இடம்தானா என்பதை இப்போதே உறுதி செய்ய வேண்டும். வலப்பக்கம் ‘கிளாஸ்’ என்ற வரிக்கு எதிரே ‘சிடிராம்’ என்று இருக்க வேண்டும். பக்கத்திலேயே ‘4டி36இ967’ என்று ஒன்று இருக்கிறது. அது ஹார்டு டிஸ்க்குக்கானது. ஓர் இலக்கம் தவறிப்போய் அங்கே கை வைத்தால் விண்டோஸே எழாமல் போகலாம்.

சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள் என்றால், இடப்பக்கம் அந்தப் பெயரில் வலது கிளிக் செய்து ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு வலப்பக்கம் ‘அப்பர்ஃபில்டர்ஸ்’, ‘லோயர்ஃபில்டர்ஸ்’ என்ற இரண்டு வரிகளைத் தேடி நீக்குங்கள். ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றை. ‘.பேக்’ என்று முடிவது வெறும் நகல், அதை விட்டுவிடுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். ரீஸ்டார்ட்.

டிரைவ் வந்த பிறகு டிஸ்க் எழுதும் மென்பொருள் ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் அதை மட்டும் நீக்கி மறுபடி நிறுவுங்கள். தன் வடிகட்டியை அது புதிதாகப் போட்டுக்கொள்ளும்.

இரண்டு வரியுமே இல்லை, அல்லது நீக்கியும் வரவில்லை என்றால், விண்டோஸ் 7, 8.1, 10-க்கு இன்னொரு வழி உண்டு. அதே கரன்ட் கன்ட்ரோல் செட்டுக்குள் சர்வீசஸ், அதற்குள் அடாபி (atapi). அதில் ‘கன்ட்ரோலர்0’ என்று ஒரு கீ உருவாக்கி, அதற்குள் 32 பிட் டிவேர்டு மதிப்பு ஒன்றைச் சேருங்கள். பெயர்: ஆங்கிலத்தில் இ, என், யூ, எம், தொடர்ந்து டிவைஸ், கடைசியில் 1, நடுவில் இடைவெளி கிடையாது. மதிப்பு 1. ரீஸ்டார்ட்.

இதற்கும் வராதபோதுதான் “ஃபார்மட் போட்டுடலாம்” என்ற பேச்சு வரும். அதற்கு முன், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான உபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் ‘ட்ரை உபுண்டு’ முறையில் திறந்து, ஒரு டிஸ்க்கைப் போடுங்கள். உங்கள் கோப்புகளுக்கு எதுவும் ஆகாது. அங்கே டிஸ்க் திறந்தால் பழுது விண்டோஸில் என்பது உறுதி. உங்களுக்கு அவசரமாக வேண்டிய ஸ்கேனையும் அங்கிருந்தே வேறு பென்டிரைவுக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம். உபுண்டுவிலும் வரவில்லை என்றால் ஃபார்மட் செய்வதில் பயனே இல்லை. கேபிளுக்கோ டிரைவுக்கோ திரும்புங்கள்.

10. டிவைஸ் மேனேஜரில் இருக்கிறது, ‘திஸ் பிசி’யில் மட்டும் இல்லை

டிரைவுக்கு எழுத்து இல்லாமல் போயிருக்கும். ஸ்டார்ட்டில் வலது கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட். கீழே ‘சிடி-ராம் 0’ என்ற பெட்டியில் வலது கிளிக் செய்து, ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர்’ மூலம் புதிய எழுத்து கொடுங்கள். இ, எஃப் வேண்டாம்; பென்டிரைவுகள் வந்து உட்காரும் இடம் அது. எக்ஸ், ஒய் மாதிரி கடைசி எழுத்தாக இருக்கட்டும்.

11. யூஎஸ்பி டிவிடி டிரைவ் என்றால்

கிட்டத்தட்ட எப்போதும் மின்சாரம்தான் காரணம். யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லியாம்பியர் வரைதான் தரும், 3.0 என்றால் 900. டிஸ்க் சுற்றத் தொடங்கும் நொடியில் டிரைவ் அதிகம் கேட்கும். கிடைக்காவிட்டால் டொக் டொக் என்று சத்தம் போட்டு மறையும், மறுபடி வரும்.

ஹப்பில் மாட்டாதீர்கள். டெஸ்க்டாப்பில் முன்பக்கப் போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கம், மதர்போர்டிலேயே உள்ள போர்ட்டில் மாட்டுங்கள். இரண்டு யூஎஸ்பி முனை உள்ள ஒய் கேபிளோடு வந்த டிரைவ் என்றால் இரண்டையும் மாட்டுங்கள். நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிளும் வேண்டாம்.

12. மாற்றத்தான் வேண்டும் என்றால்

வேறு கேபிள், வேறு போர்ட், வேறு மின்முனை எல்லாவற்றிலும் பயாஸில் தெரியவில்லை என்றால் டிரைவ் போய்விட்டது. உள்ளே டிஸ்க் மாட்டிக்கொண்டிருந்தால் கணினியை அணைத்துவிட்டு, நிமிர்த்திய ஜெம் கிளிப்பை முகப்பில் உள்ள ஊசித் துளையில் நேராக விட்டு அழுத்துங்கள். தட்டு கொஞ்சம் வெளியே வரும், மீதியைக் கையால் இழுக்கலாம்.

வருடத்துக்கு இரண்டு முறைதான் டிஸ்க் போடுகிறீர்கள் என்றால் வெளியில் மாட்டும் யூஎஸ்பி டிரைவ் வாங்குவதே என் பரிந்துரை. வீட்டில் எல்லா கணினிக்கும் அது போதும், எதையும் பிரிக்கவும் வேண்டாம்.

உள்ளேயே மாட்ட வேண்டும் என்றால் பழைய டிரைவைக் கழற்றிக் கையோடு எஸ்.பி. ரோட்டுக்குக் கொண்டு போங்கள். லேப்டாப் டிரைவில் 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமன் பரவலாக இருக்கிறது. தடிமனானது மெல்லிய குழிக்குள் நுழையவே நுழையாது. முகப்புப் பிளாஸ்டிக்கும் பின்னால் உள்ள சின்ன உலோகப் பட்டையும் பழைய டிரைவிலிருந்து புதியதற்கு மாற வேண்டியவை. அவற்றைக் கடையிலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். அந்தத் தெருவில் கன்னடம், இந்தி, தமிழ் எதில் கேட்டாலும் வேலை நடக்கும். ஆனால் அளவைச் சொல்லாமல் “லேப்டாப் ரைட்டர்” என்று மட்டும் கேட்டால் கையில் இருப்பதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

பழைய டிரைவ் வாங்குகிறீர்கள் என்றால் காசு கொடுக்கும் முன் கடையில் உள்ள கணினியில் மாட்டச் சொல்லி, நீங்கள் கொண்டு போன சிடியையும் டிவிடியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். பெயர் திரையில் வந்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பெரிய கோப்பை முழுதாக நகல் எடுத்து, நடுவில் நிற்காமல் முடிகிறதா என்று பார்த்த பிறகு பில் போடச் சொல்லுங்கள்.